தேதிக்கு விட்ட இடம்

12.11.78, ஞாயிறு
விடியலிலிருந்து மழை. பிறக்கப்போகும் பிள்ளைக்குப் பழைய புடவை கிழித்துத் துவைத்தது ஆறு துண்டு. காயவில்லை. பேத்தி லதாவுக்குச் சளி.

மகள் சரோஜாவுக்கு நாள் நெருங்கிவிட்டது. மருமகன் பிரான்சில், பட்டாளத்தில். லீவு இல்லை. எதிர்வீட்டுக்காரி எப்போது பிரசவம் என்று கேட்டாள். "அக்குஷ்மான் இந்த வாரம்" என்றேன். பிரசவத்துக்குப் பிரெஞ்சு. அவளுக்குப் புரியாது என்று தெரிந்தேதான். நான் அஞ்சாவது வரை பிரெஞ்சுப் பள்ளிக்கூடம்.

மத்தியானம், மகள் தூங்கியதும், குடும்பப் புத்தகத்தை எடுத்தேன். அவள் கல்யாணத்துக்குப் பிரெஞ்சு ஆபீசில் கொடுத்தது. பிள்ளைக்கு ஒரு பக்கம். லதா பக்கம் குமாஸ்தா எழுதியது. அடுத்தது காலி. மைப்பேனாவில், பிரெஞ்சு எழுத்தில் 'நடேசன்' என்று எழுதினேன். மறைந்த என் வீட்டுக்காரர் பேர். ஆண்தான், வயிறு சொல்கிறது. தேதிக்கு இடம் விட்டேன். குமாஸ்தா எழுத்தைவிட என் எழுத்து அழகு.

15.11, புதன்
ஆஸ்பத்திரி. ஆண். அழவில்லை. மூச்சே இல்லை. முகம் அவரேதான்.
அண்ணன் மகன் புதைக்க எடுத்துப்போனான். சுற்றப் புடவைத் துண்டு ஒன்றே போதுமாயிருந்தது.

17.11, வெள்ளி
வெயில். சரோஜாவுக்குப் பால் கட்டிக்கொண்டது. வற்றுவதற்கு மல்லிகைப்பூ வைத்துக் கட்ட வேண்டும். நாலு முழம். "வூட்டுல விசேஷமா ஆயா?" என்றாள் பூக்காரி. ஆமாம் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

மருமகனுக்குக் கடிதம், பட்டாளத்திலும் காட்டப் பிரெஞ்சில். எனக்குக் கை ஓடவில்லை. தெருக்கோடி பிரெஞ்சு வாத்தியார் எழுதினார். அக்குஷ்மான் என்று எழுதும்போது அந்தச் சொல் எதிலிருந்து வந்தது என்று கேட்டேன். இத்தனை வருஷம் கேட்டதில்லை.

"கூஷ்னா படுக்கைம்மா. அந்தக் காலத்துல பொம்பள படுக்கையில வுழுந்தான்னா பெறப்போறான்னு அர்த்தம். அதுலேர்ந்து வந்தது."

"புள்ள அதுல எங்க?"

"புள்ள இல்ல."

நம்முடையது பிள்ளைப்பேறு. அவர்களுடையதில் படுக்கை மட்டும். சரோஜா சுவர்ப்பக்கம் திரும்பியே படுத்திருக்கிறாள்.

மருமகன் பேரின் எழுத்தைப் பார்க்கக் குடும்பப் புத்தகத்தைத் திறந்த வாத்தியார் அந்தப் பக்கத்தைப் பார்த்துவிட்டார். நாமே எழுதக் கூடாதாம். வேறு புத்தகம் கேட்டு வாங்க வேண்டுமாம். உயிரில்லாமல் பிறந்ததால் அதில் இந்தப் பேர் இருக்காதாம்.

20.11, திங்கள்
சோறு வடித்தேன். ரசம். லதாவுக்குச் சளி தேவலை.
பிறக்கும் முன் தொட்டிலே வாங்கமாட்டார்கள். நான் பேர் எழுதினேன். சரோஜாவிடம் சொல்லிவிட்டேன். பெருமைக்கு எழுதினேன் என்றும் சொன்னேன். ஏசுவாள் என்றிருந்தேன். எழுந்து உட்கார்ந்து புத்தகத்தைக் கேட்டாள். எழுத்தைத் தடவினாள்.

"பேரு வெச்சியேம்மா. வேற புத்தகம் வேணாம்."

அஞ்சு நாளில் முதல் பேச்சு.

தேதிக்கு விட்ட இடத்தையே பார்த்தாள். பேனாவைக் கேட்டாள்.