கழுத்துத் தசையும் உன் பழைய புடவையும்

அன்புள்ள ராங்கிக்காரிக்கு,

நான் சௌக்கியம். நீ, அத்தை, சின்னவள் எல்லோரும் சௌக்கியமா? அத்தைக்கு முட்டிவலி தேவலையா?

என் கழுத்திலிருந்த கட்டியைப் போன மாதம் எடுத்துவிட்டார்கள். வெறும் கொழுப்புதானாம், பயப்படாதே. மண்டைக்குள்ளிருந்து கழுத்துக்கு இறங்குகிற ஒரு நரம்பு மட்டும் கொஞ்சம் அசந்துபோயிருக்கிறது.

வெல்டிங் வைக்கும்போது இரண்டு கையிலும் வேலை இருக்கும். அதனால் தலையை ஒரு வெட்டு வெட்டித்தான் நெற்றிமேல் தூக்கி வைத்திருக்கிற மாஸ்க்கை முகத்துக்கு இறக்குவோம். வேலைக்குத் திரும்பிய அன்று வெட்டினேன். அது நெற்றியிலேயே நின்றது. எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். ஃபோர்மேன் மட்டும் சிரிக்கவில்லை.

"கழுத்து சரியாகலைன்னா குடோனுக்குப் போயிடு."

"போக மாட்டேன் சார்" என்று சொல்லிவிட்டேன்.

ஆஸ்பத்திரியில் பயிற்சி கொடுக்கிற அம்மா அந்த நரம்பு இயக்குகிற கழுத்துத் தசையைப் படத்தில் காட்டினார். எனக்குப் பழக்கமானதுதான். நீ கோபத்தில் முகத்தைத் திருப்பும்போது காதுக்குக் கீழே கயிறு மாதிரி புடைக்குமே, அதுவேதான்.

"யாராவது கன்னத்துல கை வெச்சுத் தடுக்கணும். நீங்க அதை எதிர்த்துத் திரும்பணும்" என்றார். இங்கே யார் வைப்பார்கள்? அறைச் சுவரில் கன்னத்தை வைத்துத் தள்ளுகிறேன். சுவர் சொரசொரப்பு. உன் பழைய பருத்திப் புடவை ஒன்று அனுப்பு, மடித்து வைத்துக்கொள்கிறேன். துவைத்து அனுப்ப வேண்டாம்.

நேற்று மாஸ்க் பாதிவரை இறங்கியது. மீதியையும் இறக்காமல் விடமாட்டேன்.

கம்பெனி வண்டி ஹாரன் அடிக்கிறது. இதையெல்லாம் மறைத்ததற்கு நீ இந்நேரம் முகத்தைத் திருப்பியிருப்பாய். நான் வரும்வரை அந்தக் கோபத்தை அப்படியே வைத்திரு. நீ எந்தப் பக்கம் திருப்பினாலும் நானும் அந்தப் பக்கம் திரும்பிப் பார்ப்பேன்.

உன் வீட்டுக்காரன்