கொலுப்படிக்கு அடியில்

2008 அக்டோபர் 14, செவ்வாய். டப்ளின்.

சிறுவர்களைக் காவலில் வைக்காமல் சிகிச்சையில் வைக்கும் மனநலக் கோர்ட்டில், ஒழுங்காக மாத்திரை சாப்பிடுகிறான் என்று எட்டு மாதமாக வருணுக்குக் கை தட்டினார்கள். இன்று தட்டவில்லை. போன வாரம் பக்கத்துத் தெருவில் கார் கண்ணாடியை உடைத்துவிட்டான்.

மாத்திரையை ஏன் நிறுத்தினாய் என்று ஜட்ஜ் கேட்டார்.

"ஐ ஃபர்காட்," என்றான் என் பிள்ளை. என் பக்கம் திரும்பவே இல்லை.

அவன் மறக்கவில்லை. கொலுவுக்கு வரும் ஆன்ட்டிகள் கண்ணில் படக்கூடாதென்று மாத்திரை டப்பாவைப் படிக்கு அடியில் ஒளித்தவள் நான். "அம்மா, வேர் இஸ் இட்?" என்று இரண்டு நாள் கேட்டான். "எல்லாரும் போகட்டும்டா, தரேன்" என்றேன். அப்புறம் அவன் கேட்கவில்லை. நானும் மறந்துபோனேன்.

கோர்ட்டில் வாயைத் திறந்திருக்கலாம். திறக்கவில்லை. அவனை மறுபடி சிறுவர் காவலுக்கு அழைத்துப் போனார்கள்.

அங்கே வேளாவேளைக்கு மாத்திரை கொடுப்பார்களாம்.