கேன்சல் செய்ய முடியாத அறை

நவம்பர் 4, செவ்வாய்

மழை விட்டு விட்டு. துணி காயவில்லை. வில்லியனூர் ரயில்வே கேட்டில் பஸ் இருபது நிமிடம் நின்றது. பம்பாயிலிருந்து வரும் ரயில்.

ஓட்டலில் மூன்றாம் மாடி முழுக்க நான் ஒருத்தி. பதினோரு ரூம். தனம் அக்கா வேலைக்கு வராமல் இது ஐந்தாவது வாரம். விரிப்பை இந்தப் பக்கம் செருகிவிட்டு, கட்டிலைச் சுற்றிப் போய் அந்தப் பக்கம் செருக வேண்டியிருக்கிறது. இத்தனை வருடமும் அந்தப் பக்கம் அவள் நின்றாள். நான் உதறினால் அவள் பிடிப்பாள். பேச்சு அதுபாட்டுக்கு நடக்கும்.

அண்ணன் தம்பியைக் கட்டிக்கொண்டு ஒரே வீட்டுக்கு வந்தவர்கள் நாங்கள். ஓரகத்திகள் சண்டையை வேடிக்கை பார்க்கத் தெருவே காத்திருந்தது. ஏமாந்துபோனார்கள். அவள் புருஷன் போய் ஒன்பது வருடம். என் புருஷன் ஏழுமலை இருக்கிறார். சண்டையெல்லாம் அவரோடுதான்.

வாங்க: தக்காளி, கொசுவத்தி, அக்காவுக்கு இளநீர் 2. (முனை கடையில் வேண்டாம். பத்து ரூபாய் கூட வைக்கிறான்.)

நவம்பர் 6, வியாழன்

லீவு. அக்காவோடு ஆஸ்பத்திரி. வயிற்றுக் கட்டி ஈரலுக்குப் போய்விட்டதாம். "ஊசி மூணு தடவ போடுவோம். அப்புறம் பாக்கலாம்" என்றார் டாக்டர். அப்புறம் என்னவென்று கேட்டேன். கம்ப்யூட்டரைப் பார்த்தார்.

திரும்பும்போது பஸ்ஸில் ஜன்னல் சீட் அவளுக்கு. ஆரியபாளையம் தாண்டினதும் சொன்னாள்.

"சுமதி, ஒரு ஆச இருக்குதுடி."

"இன்னா க்கா?"

"பம்பாய் போவணும். ஓட்டல்ல ரூம் போட்டுகினு, கட்டில்ல படுத்துகினு கடல பாக்கணும்."

எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது. கடல் இங்கே இல்லையா, ஓட்டல் இங்கே இல்லையா என்றேன்.

"இங்க கடல் தெரியிற ரூம்ல தரைதான் தொடச்சிருக்கேன். இங்க எங்க படுத்தாலும் தெரிஞ்சவதான் வந்து கட்டில விரிச்சுப் போடுவா. வெக்கமா இருக்கும். நம்மள யாருன்னே தெரியாத ஊர்ல படுக்கணும். காலைல எழுந்து போர்வைய மடிக்கக் கூடாது. கலைஞ்சது கலைஞ்சபடி போட்டுட்டு டீ குடிக்கப் போவணும். அவ்ளோதான்."

"அதுக்கு பம்பாய் எதுக்கு?"

"தெனம் கேட்டுல நின்னு அந்த ரயில பாக்குறோம். ஒரு தடவ உள்ள குந்திகினு, கேட்டுல நிக்கிறவங்கள பாக்கலாம்."

சரி என்றேன். வேறென்ன சொல்வது. வீட்டுக்கு வந்து வெங்காயம் அரிந்தேன், அழுவதற்கு அது வசதி.

நவம்பர் 9, ஞாயிறு

வெயில், பரவாயில்லை. போனில் பம்பாய் ஓட்டல்கள். தலை சுற்றுகிறது. ஒரு ராத்திரிக்குக் கேட்கிற விலையில் இங்கே ஒரு கல்யாணத்துக்குப் பந்தி போடலாம்.

ஆனால் ரூம் விஷயத்தில் என்னை ஏமாற்ற முடியாது. கண்டுபிடித்தவை:

– படத்தில் திரை மூடியிருந்தால் ஜன்னலுக்கு வெளியே சுவர்.
– பாத்ரூம் படம் இல்லாத ரூம் வேண்டவே வேண்டாம்.
– கட்டில் மட்டும் பெரிதாகத் தெரிந்தால் ரூமே அந்தக் கட்டில்தான்.
– நல்லபடி எழுதினவர்களை விடு. திட்டி எழுதினவர்களைப் படி. மூட்டைப்பூச்சி என்று ஒருவர் சொன்னால் கோபம், மூன்று பேர் சொன்னால் உண்மை.
– வரி கடைசியில் ஏறும்.
– நம் ஊரில் சனி ஞாயிறு விலை ஏறும். அங்கே ஆபீஸ்கள் இருக்கிற பக்கம் சனி ஞாயிறு இறங்குகிறது. இது ஒன்று நல்ல கண்டுபிடிப்பு.

அக்கா பக்கத்தில் படுத்துக்கொண்டு படங்களைப் பார்த்தாள். ஒரு ரூமைக் காட்டி, "இந்தக் கட்டில ஒரு ஆளு தனியா விரிச்சிருக்குது. அந்தப் பக்கம் பாரு, கோணிகினு இருக்குது" என்றாள். எங்களுக்குக் கட்டிலைப் பார்த்தால் எல்லாம் தெரியும். ஒருவர் படுத்ததா, இருவர் படுத்ததா, முகத்தைத் திருப்பிக்கொண்டு படுத்தார்களா. ஒருவருக்கென்று எடுத்த ரூமில் இருவர் படுத்திருந்தால் கீழே கவுண்டரில் சொல்வதும் எங்கள் வேலை.

நவம்பர் 12, புதன்

தூறல். முதல் ஊசி போட்டாயிற்று. சாயங்காலம் வரை வாந்தி.

"டிசம்பர்ல போலாமா?" என்று கேட்டாள். பார்த்தேன். டிசம்பரில் அங்கே சீசன், விலை இரட்டிப்பு. பிறகு பொங்கல் லீவு, பிறகு குடியரசு தினத்தோடு ஒட்டி லீவு. அதெல்லாம் கழிந்து ஜனவரி 31, சனிக்கிழமை, விலை தொபக்கென்று விழுகிறது. அதைச் சொன்னேன்.

"சரி. உனுக்கு எது தோதோ" என்றாள்.

நவம்பர் 16, ஞாயிறு

ரூம் கிடைத்துவிட்டது. பழைய கட்டடம், நாலாவது மாடி, லிஃப்ட் உண்டு. ஜன்னலில் கழுத்தை நீட்டினால் இரண்டு கட்டடத்துக்கு நடுவில் கடல் தெரிகிறதாம், திட்டி எழுதின ஒருவரே அதை மட்டும் ஒப்புக்கொண்டிருக்கிறார். நேரே ஓட்டலுக்குப் போன் போட்டு என் அரைகுறை இங்கிலீஷில் பேசினதில் இன்னும் கொஞ்சம் குறைத்தான்.

இரண்டு விலை சொன்னான். கேன்சல் செய்தால் பணம் திரும்பி வரும் விலை ஒன்று. கேன்சலே கிடையாது என்கிற விலை ஒன்று, அது அறுநூறு ரூபாய் குறைவு.

நான் அதிக விலையைப் போட்டேன்.

ஏன் என்று இங்கே எழுத வேண்டாம். அக்காவிடம் ரூம் போட்டாயிற்று என்று மட்டும் சொன்னேன். அவள் மகள் வினிதா பாகூரிலிருந்து போனில் பணம் கட்டினாள். அவளும் ஏன் என்று கேட்கவில்லை.

நவம்பர் 20, வியாழன்

மழை. சமையலறை ஓட்டில் ஒழுகல்.

அக்கா ரசீதைக் காட்டச் சொன்னாள். வினிதா அனுப்பியிருந்தது. கண்ணாடி போட்டுக்கொண்டு வரி வரியாகப் படித்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"கொத்தமல்லி கட்டுக்கு ரெண்டு ரூபா கொறைக்கச் சொல்லி அந்தக் கிழவன் உசுர எடுக்குறவ நீ. அறநூறு ரூபா அதிகம் குடுத்து எதுக்குடி இத போட்ட?"

அடுப்பில் ஒன்றுமே இல்லை, போய் அடுப்பைப் பார்த்தேன்.

"நான் வரமாட்டேன்னு நீயே முடிவு பண்ணிட்டியா?"

"அப்டி இல்ல க்கா."

"அப்ப மாத்து. கேன்சல் இல்லாதத போடு. இப்பவே போடு, என் எதிர்ல."

போட்டேன். பழையதை கேன்சல் செய்து புதியதைப் போட்டேன். அவள் பெயர், என் பெயர், இரண்டு பேர், ஒரு கட்டில். அதைப் பார்த்தபின்தான் கஞ்சி குடித்தாள். அவள் நம்புகிறாள், நான்தான் நம்பவில்லை என்று எனக்கு என்மேலே அருவருப்பு.

டிசம்பர் 3, புதன்

குளிர். இரண்டாவது ஊசி. முடி கொத்துக் கொத்தாக. வளையல் தோள்வரை ஏறுகிறது. இருந்தாலும் பம்பாய் பேச்சு மட்டும் நிற்கவில்லை.

"தலகாணி எத்தினி குடுப்பாங்க?"

"நாலு."

"ரெண்ட காலுக்கு வச்சிக்கலாம்."

வேலையில் இன்று புது ஆள் ஒருத்தியை என்னோடு விட்டார்கள். அந்தப் பக்கம் நின்றாள். நான் உதறினேன், அவள் பிடிக்கவில்லை. விரிப்பு தரையில். பாவம், அவளைத் திட்டிவிட்டேன்.

டிசம்பர் 11, வியாழன்

மூன்று நாளாக வார்டில். மூன்றாவது ஊசி போடவில்லை. போடப்போவதில்லை என்றார்கள். கண் மஞ்சள்.

ஏழுமலை வந்து நின்று, "அண்ணி, இன்னா வேணும்?" என்று கேட்டுவிட்டு வராந்தாவில் போய் மூக்கைச் சிந்தினார். இந்த மனுஷன் அழுது நான் பார்த்ததில்லை.

மத்தியானம் கண்ணைத் திறந்தாள். என்னைக் கிட்டக் கூப்பிட்டாள்.

"அந்த ரூம்பு. கேன்சல் பண்ண முடியாது, இல்ல?"

"முடியாது க்கா."

"காசு திரும்பி வராது?"

"ஒத்த ரூபா வராது."

"நல்லது" என்றாள். சிரித்த மாதிரி இருந்தது. நாம் போகத்தான் போகிறோம் என்று உளறுகிறாள் என நினைத்து, ஆமாம் ஆமாம் என்றேன்.

டிசம்பர் 14, ஞாயிறு

விடிகாலை ஐந்து மணிக்கு. தினமும் நாங்கள் எழும் நேரம்.

டிசம்பர் 15, திங்கள்

எல்லாம் முடிந்தது. வீடு நிறையச் செருப்பு. ஒருத்தர் வந்து, "நல்ல சாவு, இழுக்காம போய்ட்டாங்க" என்றார். அவரை அறையலாம் போல இருந்தது.

டிசம்பரில் போகலாமா என்று கேட்டாளே. நவம்பர் பன்னிரண்டில் கேட்டாள். டிசம்பர் முதல் வாரம் போயிருந்தால் அவள் அந்தக் கட்டிலில் படுத்திருப்பாள். கைத்தாங்கலாகவாவது கூட்டிப் போயிருப்பேன். இரட்டை விலை கொடுத்திருந்தால் என்ன, வீடா முழுகிப்போயிருக்கும். விலை இறங்கட்டும் என்று காத்திருந்தேன் நான். என் கஞ்சத்தனம்தான் அவளை ஆஸ்பத்திரிக் கட்டிலிலேயே வைத்துவிட்டது. இதை யாரிடமும் சொல்ல முடியாது. எழுதி வைக்கிறேன்.

டிசம்பர் 29, திங்கள்

கருமாதி. நல்ல வெயில். வடை கருகிற்று.

எல்லோரும் போனபின் ஏழுமலைதான் பேச்செடுத்தார். "அந்த பம்பாய் ரூம்பு இன்னா ஆவுது?"

போகட்டும் என்றேன்.

"காசு?"

"அதுவும் போவட்டும்."

அவர் என்னை உற்றுப் பார்த்தார். காய்ச்சலா என்று நெற்றியைத் தொட்டார். வினிதா தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தவள் அப்படியே கீழே வைத்தாள்.

"சித்தி, போவாம இருந்துடாத. அம்மா சொல்லிச்சி."

"இன்னா சொல்லிச்சி?"

"நீ மாத்திப் போட்ட அன்னிக்கே எனுக்குப் போன் பண்ணிச்சி. நான் போவ மாட்டேன், எனுக்குத் தெரியும்னு சொல்லிச்சி. 'கேன்சல் பண்ண முடியும்னா அவ பண்ணிட்டு வூட்ல குந்தி அழுவா. பண்ண முடியாதுன்னா, காசு வீணாப் போவுதேன்னு வயிறு எரிஞ்சாவது போய் படுத்துட்டு வருவா. அவ புத்தி எனுக்குத் தெரியும்'னு சிரிச்சிச்சி."

நம்பினவள் அவள், நம்பாதவள் நான் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். அவளுக்கு என்னைவிட முன்னாலேயே தெரிந்திருந்தது. என் கஞ்சத்தனத்தை இருபத்திரண்டு வருடம் கேலி செய்தவள், கடைசியில் அதையே பிடித்து என்னை ரயிலேற்றப் பார்த்திருக்கிறாள்.

"எதுக்கு வினிதா அழுவுற, நீ சும்மா இரு" என்றேன். அழுதது நான்தான் என்று பிறகு ஏழுமலை சொன்னார்.

ஜனவரி 8, வியாழன்

பனி. தெருவில் பேச்சு: "பதினாறு முடிஞ்ச கையோட டூர் போறாளாமே." ஏழுமலை அவர்களுக்கு என்ன பதில் சொன்னார் என்பதை எழுதினால் நோட்டு நாறிவிடும்.

நானும் வரட்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். அந்த இடம் அக்காவுடையது. புரிந்துகொண்டார். ஒரு ஃபிளாஸ்க் வாங்கிக் கொடுத்தார்.

ஜனவரி 30, வெள்ளி. ரயிலில்

நேற்று வில்லியனூர் கேட் தாண்டும்போது ஜன்னலில் முகத்தை ஒட்டிக்கொண்டு இருந்தேன். இரண்டு நொடி. பைக் விளக்குகள், ஒரு பஸ். முகம் ஒன்றும் தெரியவில்லை. அக்கா, இதில் பார்க்க ஒன்றும் இல்லை.

புளிசாதம் கெட்டுவிட்டது. எதிர் சீட்டு அம்மா சப்பாத்தி கொடுத்தாள். பாஷை தெரியாது, சிரித்துக்கொண்டே வருகிறோம்.

ஜனவரி 31, சனி. பம்பாய்

ஓட்டல் கவுண்டரில் இருந்தவர் ரசீதில் இரண்டு பெயர் பார்த்துவிட்டு என் பின்னால் பார்த்தார். வாசல் வரை பார்த்தார். நான் ஒன்று என்று விரல் காட்டினேன்.

ரூம் சின்னது. படத்தில் இருந்தது போலவே, பொய் இல்லை. மூலையில் தூசி, மன்னிக்கலாம். தலையணை நாலு. கழுத்தை நீட்டினேன், கடல் தெரிகிறது, ஒரு முழம் அகலத்துக்கு. கட்டிலில் படுத்தால் தெரியவில்லை. அதை ஒருவரும் எழுதவில்லை. அவள் வந்திருந்தால் கட்டிலை ஜன்னல் பக்கம் நகர்த்தியிருப்போம், ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்து. தனியாக இழுத்துப் பார்த்தேன். அசையவில்லை.

பிப்ரவரி 1, ஞாயிறு

ஐந்துக்கே விழிப்பு. வெயில் வரும்வரை படுத்தே கிடந்தேன், வேண்டுமென்றே.

எழுந்து பார்த்தால் என் பக்கம் மட்டும் கலைந்திருந்தது. அந்தப் பக்கம் ஒரு சுருக்கம் இல்லை. போட்டது போட்டபடி. கை தானாக விரிப்பை இழுக்கப் போயிற்று, நிறுத்திக்கொண்டேன். சுற்றிப் போய் அந்தப் பக்கம் படுத்தேன். கொஞ்ச நேரம். புரண்டேன். தலையணை இரண்டைக் காலுக்கு வைத்தேன். எழுந்து பார்த்தேன். இரண்டு பேர் படுத்த கட்டில். யார் வந்து பார்த்தாலும் அப்படித்தான் சொல்வார்கள்.

போர்வையை மடிக்கவில்லை.

கதவைத் திறந்தால் வெளியே வண்டியோடு ஒரு பெண், தனி ஆள். உள்ளே எட்டிப் பார்த்துக் கட்டிலைப் பார்த்தாள். டவல் எத்தனை என்று துணியைத் தூக்கிக் காட்டிக் கேட்டாள். இரண்டு என்று காட்டிவிட்டு டீ குடிக்கக் கீழே இறங்கினேன்.