கிளம்பும்போது சொல்கிற சொல்

அன்புள்ள என்னவருக்கு,

முதுகுவலி தேவலையா? பாப்பா தலைவார விடுகிறாளா? நான் நல்ல சுகம். இன்று எனக்குக் கால் தரையில் பாவவில்லை, கேளுங்கள்!

ஓட்டல் சலவைக்கூடத்தில் எங்களுக்கு இங்கிலீஷ் வகுப்பு நடக்கிறது. ஒரு வினைச்சொல், அதன் பின்னால் ஒரு குட்டி வால். வால் ஒட்டினால் பொருளே மாறிவிடும். "கிவ்" என்றால் கொடு. "கிவ் அப்" என்றால் கைவிடு! இஸ்திரி போட்டுக்கொண்டே மனப்பாடம் செய்கிறேன்.

"கம் பேக்" என்றால் திரும்பி வருவது என்று படித்ததிலிருந்து, வேலை முடிந்து கிளம்பும்போதெல்லாம் "ஐ வில் கம் பேக்" என்று சொல்லிவந்தேன். வெறுமனே "போறேன்" என்று நம் வாயில் வருமா?

"நாளைக்கு வரத்தானே போறே, எதுக்கு மிரட்டுறே?" என்று பக்கத்து மேசைக்காரி கேலி செய்தாள்.

"எங்க வீட்ல போறவங்க இப்படித்தான் சொல்லணும். அப்பதான் இருக்கிறவங்களுக்கு மனசு ஆறும்" என்றேன், தெரிந்த இங்கிலீஷில்.

இன்று எங்கள் சூப்பர்வைசர் அம்மா ஆபரேஷனுக்காக லீவில் போனார். சிரித்தே பார்த்திராத மனுஷி. வாசல்வரை போனவர் நின்று, என்னைத் திரும்பிப் பார்த்து, "ஐ வில் கம் பேக்" என்றார். கூடமே கைதட்டியது!

ஒரு சின்ன விஷயம். உங்கள் பழைய சட்டை ஒன்று அனுப்புங்கள். துவைக்க வேண்டாம். இங்கே எல்லாத் துணியிலும் சோப்பு வாசனைதான்.

எங்களை விடுதிக்குக் கூட்டிப்போகிற வண்டிக்காரர் ஹாரன் அடிக்கிறார். போயிட்டு வரேங்க.

உங்கள்,
பாப்பா அம்மா