நீலக் கேனின் வாசம்

நவம்பர் 9, ஞாயிற்றுக்கிழமை. பிற்பகல் இரண்டு மணி பத்து நிமிடம். மொட்டை மாடியில் மொத்தம் முப்பத்திரண்டு செடி. அதில் பதினொன்று முறுக்கிக்கொண்டு நிற்கின்றன.

அப்பா, எண்ணிக்கையில் ஆரம்பிக்கிறேன். அதுதான் எனக்குப் பழகிய வழி. கொஞ்சம் முன்னால் தண்ணீர்க் கேனின் மூடியைத் திறந்தேன். அடைமழைக்குப் பிறகு இன்றைக்குத்தான் பதுளையில் வெயில் சுள்ளென்று அடிக்கிறது. கேன் சூடேறிப் போயிருந்தது. உள்ளேயிருந்து ஒரு வாசம் வந்தது. உங்கள் சட்டை வாசம்.

நீங்கள் தோட்டத்தில் மருந்து அடிக்கிற ஆள். முதுகில் டாங்கியைக் கட்டிக்கொண்டு தேயிலைச் செடிகளுக்கு நடுவே புல்லைச் சாகடிக்கிற மருந்து அடித்துவிட்டு வருவீர்கள். ஆனால் நேரே லயத்துக்கு, நம்ம வரிசை வீட்டுக் காம்பராவுக்கு, வந்ததே கிடையாது. பீலிக்குப் போய், விழுகிற தண்ணீருக்குக் கீழே நின்று, தோல் சிவக்கிற வரைக்கும் சவக்காரத்தை நுரைக்க நுரைக்கத் தேய்ப்பீர்கள். கழற்றிய சட்டை வீட்டுக்குள் வராது. கொய்யா மரத்தில் தனியாகத் தொங்கும். நான் ஓடி வந்தால் கையை நீட்டி நிறுத்துவீர்கள். "கிட்ட வராத. தள்ளி நில்லு." பக்கத்துக் காம்பராப் பிள்ளைகளை அவங்க அப்பாமார் தோளில் தூக்கிக்கொண்டு போவதைப் பார்த்தபடி வாசலில் நிற்பேன். எனக்கு அப்போது கோபம்தான் வந்தது.

அந்தச் சட்டையில் பினாயில் மாதிரி ஒரு வாசம். ஆனால் பினாயில் இல்லை. கொஞ்சம் இனிப்பாக இருக்கும், தொண்டையில் போய் உட்கார்ந்துகொள்ளும். அதேதான் இப்போது கேனுக்குள் இருக்கிறது.

நீங்கள் இறந்துபோன பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கல்யாணம் முடித்து நானும் வாணியும் டவுனில் மாடி வீடு ஒன்றில் வாடகைக்கு இருக்கிறோம். மண் என்று ஒரு பிடி கிடையாது. வாணிக்கு இது ஐந்தாம் மாதம். போன வருஷம் ஒன்று மூன்றாம் மாதத்திலேயே தங்காமல் போயிற்று. ஏன் என்று யாருக்கும் தெரியவில்லை. அதிலிருந்து அவளுக்குச் சந்தை மரக்கறி என்றாலே பயம். "எவ்வளவு மருந்து அடிச்சிருக்காங்களோ, என்னமோ" என்று முட்டைக்கோவாவை இலை இலையாகப் பிரித்துக் கழுவுவாள். கழுவிவிட்டுச் சாப்பிடவும் மாட்டாள்.

நான் பிரிட்ஜும் ஏசியும் திருத்துகிறவன். பம்ப், குழாய், மீட்டர் எல்லாம் கைக்குப் பழகியவை. "மண்ணும் வேணாம், மருந்தும் வேணாம். தண்ணியிலேயே வளத்துத் தர்றேன், நீ சாப்பிடு" என்றேன். பிவிசி குழாயில் வரிசையாக ஓட்டை போட்டேன். ஓட்டைக்கு ஒரு கப், கப்பில் தென்னந்தும்பு, தும்பில் நாற்று. சத்து கலந்த தண்ணீரை மீன் தொட்டிப் பம்ப் ஒன்று வாளியிலிருந்து குழாய்க்கு ஏற்றும். ஓடி முடிந்து அது வாளிக்கே திரும்பி வரும். அவ்வளவுதான், பெரிய வித்தை ஒன்றும் இல்லை. வல்லாரை, சலாது, தக்காளி வைத்தேன். முதல் வல்லாரையில் வாணி சம்பல் போட்டாள். பச்சையாக. "இன்னும் கொஞ்சம் பறிச்சிட்டு வாங்க" என்று சோற்றுக் கையோடு கேட்டாள். எனக்கு அன்றைக்குத் தலைகால் புரியவில்லை.

செடிகள் வளர வளர வாளித் தண்ணீர் பத்தவில்லை. ரெண்டு கிழமைக்கு, பதினாலு நாளைக்கு முன்னால் மாமா, வாணியின் அப்பா, பசறைக்கு மேலே இருக்கிற அவங்க தோட்டத்திலிருந்து ஒரு நீலக் கேனைத் தூக்கிக்கொண்டு வந்தார். அவரால் முழங்காலை மடக்கவே முடியாது. அந்த வளைவு ரோட்டில், நெரிசல் பஸ்ஸில், கேனை மடியில் வைத்துக்கொண்டே வந்திருக்கிறார்.

"கண்டக்டர் பய இதுக்கும் ஒரு டிக்கெட் போடணும்ங்கிறான் மாப்ள. இது என் பேரப்புள்ளைக்குப் போகுதுடா, அரை டிக்கெட் போடுன்னேன். பஸ்ஸே சிரிக்குது."

"உள்ள என்ன மாமா இருந்துச்சு?"

"என்னமோ உரத் தண்ணி. தோட்டத்து ஸ்டோர்ல சும்மா கெடந்துச்சு. நாலு தரம் கழுவிட்டேன்."

மூடியைத் திறந்து முகர்ந்தேன். சவக்கார வாசம். லேபிளைச் சுரண்டியிருந்தார், ஓரத்தில் ஒரு துண்டு மட்டும் மிச்சம் இருந்தது, அதிலும் எழுத்து இல்லை. வாளியை எடுத்துவிட்டு அதை மாட்டினேன்.

ஒரு கிழமையில் தக்காளிக் கொழுந்து சுருண்டது. பிறகு காம்பு பாம்பு மாதிரி வளைந்தது, புது இலைகள் நார் நாராக வந்தன. கல்சியம் குறைவு என்று நினைத்தேன். அமிலம் பார்த்தேன், உப்புச் செறிவு பார்த்தேன். மீட்டர் எல்லாம் சரி என்றது. மீட்டர் சரி என்றால் எனக்குச் சரிதான். தண்ணீரை மாற்றி, அதே கேனில் புதுத் தண்ணீர் நிரப்பினேன்.

வல்லாரை மட்டும் பார்வைக்கு நன்றாகத்தான் இருந்தது. அதனால் வாணி சாப்பிட்டுக்கொண்டே இருந்தாள். இன்றைக்கு மத்தியானமும் சம்பல். சாப்பிட்டுவிட்டு உள்ளே படுத்திருக்கிறாள்.

வாசம் பிடித்த கையோடு மாமாவுக்குப் போன் எடுத்தேன்.

"மாமா, அந்தக் கேன்ல என்ன இருந்துச்சு?"

"ஏன் மாப்ள, ஒழுகுதா?"

"ஒழுகல. என்ன இருந்துச்சு?"

"கழுவிட்டேன்னு சொன்னேன்ல. சவக்காரம் போட்டு, சாம்பல் போட்டு..."

"மாமா."

அவர் குரல் இறங்கியது.

"புல்லு மருந்தா இருக்கும்னு நினைக்கிறேன். நெசமா எனக்குத் தெரியாது. ஸ்டோர்ல இருந்த பையன் உரம்னுதான் சொன்னான்." பிறகு அவராகவே, கெஞ்சுகிற குரலில்: "நாங்க எல்லாம் அந்த மாதிரிக் கேன்லதான மாப்ள தண்ணி எடுத்தோம்? இப்பவும் அடுப்படியில ஒண்ணு இருக்கு. வாணியும் அந்தத் தண்ணியக் குடிச்சுத்தான வளந்தா?"

அப்பா, அந்தக் கடைசி வார்த்தையோடு போனை வைத்துவிட்டேன்.

நம்ம லயத்திலும் வீட்டுக்கு வீடு அந்தக் கேன் இருந்தது. பாரம் இல்லை, உடையாது, கைப்பிடி இருக்கிறது. தண்ணி தூக்க அதைவிட என்ன வேண்டும்? நம் வீட்டில் மட்டும் கிடையாது. அம்மா பீலியிலிருந்து அலுமினியக் குடத்தைச் சுமந்தே இடுப்பு போய், உங்களைத் திட்டுவாள். நீங்கள் அடித்து முடித்த கேனை எல்லாம் தேயிலை வெட்டுகிற கவ்வாத்துக் கத்தியால் அடியில் குத்திக் கிழித்துவிட்டுத்தான் மலையிலிருந்து இறங்குவீர்கள். ஒருமுறை பக்கத்து வீட்டு அத்தை லயமே கேட்கக் கத்தினாள்: "உனக்கு வேணாம்னா எங்களுக்குக் குடேன்யா! நல்ல கேனைக் கண்டா உனக்கு என்ன பேயா புடிக்குது?" நீங்கள் சண்டைக்குப் போகவில்லை. "கழுவுனா வாசந்தான் போகும்" என்று சொல்லிவிட்டு உள்ளே வந்துவிட்டீர்கள்.

எனக்கு வெட்கமாக இருந்தது. டெக்னிக்கல் காலேஜுக்குப் போன பிறகும் உங்களிடம் கேட்டேன்: எத்தனை தரம் கழுவினால் எவ்வளவு மிஞ்சும், கணக்கு இருக்கா? இல்லை என்றீர்கள். "எனக்குப் பயமா இருக்குடா, அவ்வளவுதான்." பயம் ஒரு காரணமா என்று சிரித்தேன். நீங்களும் சிரித்தீர்கள், இருமலோடு.

அந்த இருமல்தான் உங்களைக் கொண்டுபோனது. மருந்தால்தான் என்று நான் சொல்ல மாட்டேன். ஆஸ்பத்திரியில் யாரும் அப்படி எழுதித் தரவில்லை. இல்லை என்றும் எழுதித் தரவில்லை. இன்றைக்கும் அதே இடத்தில்தான் நிற்கிறேன். கேனில் எவ்வளவு மிஞ்சியிருந்தது, தெரியாது. வல்லாரைக்குள் எவ்வளவு போனது, தெரியாது. வாணிக்குள்? உள்ளே இருக்கிற சின்னதுக்குள்? எதற்கும் என்னிடம் மீட்டர் இல்லை.

இப்போதுதான் பம்ப்பை நிறுத்தினேன். கேனைக் கவிழ்க்கக் கைப்பிடியையும் பிடித்துவிட்டேன். மாடித் தண்ணீர் போகிற குழாய் கீழ்வீட்டு வாழைப் பாத்தியில் போய் விழுகிறது. அங்கே ரெண்டு பிள்ளைகள் செருப்பில்லாமல் விளையாடுகிறார்கள். கேனை மெதுவாக நிமிர்த்தி வைத்துவிட்டு இதை எழுத உட்கார்ந்தேன். கேனை விட்டு மூன்றடி தள்ளித்தான் உட்கார்ந்திருக்கிறேன். நீங்கள் கையை நீட்டி என்னை நிறுத்துகிற தூரம்.

யாரிடமாவது சொல்லிவிட்டுத்தான் எழுந்திருக்க வேண்டும் என்று இருந்தது. சொல்லிவிட்டேன். இனி செய்ய வேண்டியது:

1. வாணியை எழுப்பி உள்ளதைச் சொல்வது. பூசி மெழுகாமல். அழுவாள். அழட்டும், பக்கத்தில் இருப்பேன்.

2. இன்றைக்கே ஆஸ்பத்திரி. கிளினிக் நாளுக்குக் காத்திருக்கக் கூடாது. முறுக்கிய செடி ஒன்றையும், மிச்ச லேபிள் துண்டையும், போத்தலில் கொஞ்சம் தண்ணீரையும் பைக்குள் போட்டுக் கட்டிக் கொண்டுபோவது. டாக்டர் சிரித்தாலும் பரவாயில்லை.

3. கேனை இறுக்கி மூடி, பூட்டுப் போட்ட இடத்தில் வைப்பது. ஒரு சொட்டுத் தண்ணீர் கீழே போகக் கூடாது. என்ன செய்வதென்று நாளைக் காலையில் விவசாயக் கந்தோர் அதிகாரியிடம் கேட்பது. காலியான பிறகு அடியில் குத்துவது. உங்கள் கவ்வாத்துக் கத்தி என் டூல் பெட்டியில்தான் இருக்கிறது.

4. பசறைக்குப் போவது. மாமாவைத் திட்டக் கூடாது. புதுத் தண்ணீர்க் கேன் ஒன்று வாங்கிக்கொண்டு போய், அடுப்படியில் இருக்கிறதை எடுத்துக்கொண்டு வருவது. கேட்டால், பயமாக இருக்கிறது என்று மட்டும் சொல்வது.

5. இல்லை, இதுதான் முதலில். சட்டையைக் கழற்றி வெளியிலேயே தொங்கவிட வேண்டும். மாடிப் பைப்படியில் நின்று முழங்கை வரைக்கும் சவக்காரம் போட வேண்டும், தோல் சிவக்கிற வரைக்கும். அதற்குப் பிறகுதான் அவள் கிட்டப் போக வேண்டும்.