மூன்று தடவை கூப்பிட்டால்

நாணல்குறிச்சி
9.2.2024

அன்புள்ள நண்பன் பலவேசத்துக்குப் பஞ்சாபகேசன் எழுதுவது.

நம் ஊர் தோன்றிய நாளிலிருந்து எடுக்கப்பட்ட முடிவுகளில் ஆகப் பெரியது, சென்ற ஞாயிறன்று அம்மன் கோயில் வாசலில், ஊர்த்தலைவர் பாபநாசம் முன்னிலையில் எதிர்ப்பின்றி நிறைவேறியது என்பதை முதலில் தெரிவித்துக்கொள்கிறேன். பொழுது சாய்ந்த பிறகு அக்கரையிலிருந்து யார் கூப்பிட்டாலும், மூன்றாவது தடவை கூப்பிட்ட பின்தான் தெப்பம் புறப்படும். முதல் இரண்டு கூப்பாட்டுக்கு இக்கரையில் யாரும் வாய் திறக்கக் கூடாது. வரி, வாய்க்கால், கோயில் கொடை என்று எதிலும் ஒத்துப்போகாத மேலத்தெருவும் கீழத்தெருவும், பேய்க்கு மூன்றுவரை எண்ணத் தெரியாது என்பதில் ஒரே கருத்தாக இருந்தன.

உவரியிலிருந்து மீன் கொண்டுவரும் கிறிஸ்தவரான நேசையா மட்டும் ஒரு சந்தேகம் கேட்டார். “எங்க வேதக்காரங்களுக்கும் மூணுதானா வே, இல்ல ஒண்ணு கொறையுமா?” சட்டம் எல்லோருக்கும் ஒன்று என்று தலைவர் தீர்ப்புச் சொன்னார். நேசையா எப்போதும் மூன்று தடவை கூவித்தான் மீன் விற்கிறவர் என்பதால் அவருக்கு நஷ்டமில்லை.

தெப்பத்தை நீ பார்த்ததில்லை. டிசம்பர் வெள்ளத்தில் பாலத்தின் நடுப்பகுதி போய், இரண்டு முனைகள் மட்டும் நிற்கின்றன. அவற்றுக்கு நடுவே வடம் கட்டி, பிளாஸ்டிக் பீப்பாய்களின் மேல் பலகை அடித்து, சுடலைமணி கையால் இழுத்து ஆட்களைக் கரை சேர்க்கிறான். பள்ளிக்கூடப் பிள்ளைகள், பால், என் அஞ்சலகத்துத் தபால் பை, பிரசவ வலி எல்லாம் அதில்தான் போகின்றன. பஸ் அக்கரையிலேயே திரும்பிவிடுகிறது. அதன் நெற்றியில் இன்னும் நம் ஊர்ப் பெயர்தான் இருக்கிறது. குளத்தங்கரைச் சாலை வழியாகச் சுற்றி வரலாம் என்றார்கள். கரை உடைந்த இடத்தில் மணல் மூட்டை அடுக்கியிருக்கிறார்கள். அதை நம்பிப் போன டிராக்டர் ஒன்று அங்கேயே குடியிருக்கிறது. பார்வையிட வந்த அதிகாரி ஒருவர், ‘பாலம் பழுதடைந்துள்ளது, மெதுவாகச் செல்லவும்’ என்று பலகை வைக்கச் சொன்னார். வைத்தாயிற்று. செல்போன் வரைபடத்தில் பாலம் முழுசாக இருக்கிறது.

ஊர் கூடியதற்குக் காரணம் இது. இருட்டுகிற நேரத்தில் அக்கரையிலிருந்து கூப்பாடு கேட்கிறது. சுடலைமணி வடத்தை இழுத்துக்கொண்டு போய்ப் பார்த்தால் ஆள் இல்லை. ஈர மணலில் கால் தடமும் இல்லை. முதலில் காற்று என்றான். பிறகு காய்ச்சலில் படுத்துவிட்டான். கேட்டவர்கள் எல்லோரும் ஒரே குரல் என்கிறார்கள். யார் குரல் என்று மட்டும் ஒருவரும் சொல்வதில்லை. நான் கேட்டதில்லை. கேட்டதில்லை என்று உறுதியாகச் சொல்வதற்காகவே மாலையானால் அஞ்சலக ஜன்னலைச் சாத்திவிடுகிறேன்.

அந்த முடிவுக்குக் கட்டுப்படாதவள் ஊரில் ஒருத்திதான். உன் தம்பி மனைவி இசக்கிச்செல்வி. மூன்றுவரை அவள் காத்திருப்பதில்லை. முதல் கூப்பாட்டிலேயே, கையில் இருப்பதைப் போட்டுவிட்டு ஆற்றுக்குப் போய்விடுகிறாள்.

தம்பி முருகனைப் பற்றி உனக்குப் போனில் சொன்னது பாதிதான். உடன்குடியிலிருந்து கருப்பட்டி ஏற்றிவந்த வண்டியை அக்கரையில் விட்டுவிட்டுப் பாலத்தில் நடந்து வரும்போது வெள்ளம் கொண்டுபோயிற்று என்றேன். மீதியை இப்போது எழுதுகிறேன். நடக்கத் தொடங்குமுன் அவன் அங்கே நின்று செல்வியின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டான். இக்கரையில் நின்ற நாங்கள் கையை ஆட்டி, வராதே, வராதே என்று கத்தினோம். தண்ணீர் இரைச்சலில் எங்கள் சத்தம் அங்கே போகவில்லை. அவன் குரல் மட்டும் எப்படியோ இங்கே வந்தது. வீட்டுக்குள் தண்ணீர் ஏறி, அரிசிப் பானையைப் பரணில் தூக்கி வைத்துக்கொண்டிருந்த செல்விக்கும் கேட்டிருக்கிறது. வரத்தானே போகிறார் என்று பதில் சொல்லாமல் இருந்துவிட்டாள். அவள் பதில் சொல்லியிருந்தாலும் அவனுக்குக் கேட்டிருக்காது. இதை அவளிடம் பலரும் பல விதமாகச் சொல்லிப் பார்த்தாயிற்று. ஆறு இதுவரை அவனைத் திருப்பித் தரவில்லை. காரியம் செய்ய அவளும் சம்மதிக்கவில்லை.

இதற்கெல்லாம் கடிதம் எதற்கு என்று கேட்பாய். வாட்ஸ்அப்பில் இரண்டு வரி எழுதியிருந்தால், அடுத்த நிமிடமே நீ செல்விக்குப் போன் போடுவாய். அதுதான் கூடாது. கடிதம் மஸ்கட் வந்து சேர்வதற்குள் உன் அவசரம் கொஞ்சம் ஆறும். உன் குரலும் முருகன் குரலும் ஒன்று என்பதை வெளிநாட்டில் யாரும் உனக்கு ஞாபகப்படுத்தியிருக்க மாட்டார்கள். உங்கள் அப்பாவே கதவுக்கு வெளியே நிற்பது மூத்தவனா இளையவனா என்று கேட்டுத்தான் திறப்பார். பொங்கலன்று நீ போட்ட போனைப் பக்கத்து வீட்டு முத்துராணி எடுத்து, எல்லோருக்கும் கேட்கட்டும் என்று சத்தமாக வைத்தாள். முற்றத்தில் பானை கழுவிக்கொண்டிருந்த செல்வியின் காதில், “என்ன செய்யுதே, சாப்பிட்டியா?” என்று விழுந்தது. அவள் போன் பக்கம் திரும்பவே இல்லை. நேராக ஆற்றுக்குப் போனாள். கழுத்தளவு தண்ணீரில் நின்றவளைச் சுடலைமணி முடியைப் பிடித்து இழுத்துவந்தான். உன்னிடம் சிக்னல் போய்விட்டது என்று சொன்னார்கள்.

பங்குனியில் வந்து தம்பிக்குக் காரியம் செய்யப்போவதாகச் சொல்லியிருக்கிறாய். வா. பகலில் வா. அக்கரையில் நின்று தப்பித்தவறியும் கூப்பிடாதே. அவள் உன் முகத்தை முதலில் பார்க்கட்டும். குரல் பிறகு கேட்கட்டும். பஸ் பிந்தி இருட்டிவிட்டால், கூப்பிடாமல் நிற்கிற ஒருவனை ஏற்றிவர முடியுமா என்று சுடலைமணியிடம் கேட்டேன். “கூப்பிட்டாத்தான சார் ஆளு? கூப்பிடாம நிக்கது எதுன்னு நான் கண்டேன்?” என்றான். தீர்மானத்தில் ஒரு திருத்தம் கொண்டுவர முடியுமா என்று தலைவரிடமும் கேட்டேன். அதற்கு ஊர் மறுபடியும் கூடவேண்டுமாம். ஆகவே அக்கரையில் நிற்பது நீதான் என்று சுடலைமணிக்குச் சொல்ல நானே கரையில் நிற்பேன்.

முருகன் போய்விட்டான், பலவேசம். செல்வியாவது நமக்கு மிஞ்சவேண்டும். அதற்கு இப்போது உன்னால் ஆகக்கூடிய உதவி, வாயை மூடிக்கொண்டு வந்து சேர்வதுதான். தாமிரபரணி உன்னை நல்லபடியாகக் கரையேற்றட்டும்.

என்றும் உன்,
பஞ்சாபகேசன்


நாணல்குறிச்சி
12.4.2024

அன்புள்ள பலவேசத்துக்கு,

நீ சுகமாக மஸ்கட் போய்ச் சேர்ந்த செய்தி கிடைத்தது. இங்கே தேர்தல் வெயில். வேட்பாளர்கள் அக்கரையில் வேனை நிறுத்தி, ஒலிபெருக்கியில் பாலம் தருவதாகச் சொல்லிவிட்டுப் போகிறார்கள். அவர்கள் மூன்று தடவைக்கு மேலேயே கூப்பிட்டும் சுடலைமணி தெப்பத்தை அவிழ்க்கவில்லை. பகலில் அந்தச் சட்டம் செல்லாது என்று விளக்கம் சொன்னான்.

நீ வந்த அன்று இவ்வளவு கட்டுப்பாட்டை நான் உன்னிடம் எதிர்பார்க்கவில்லை. செல்வி சோறு வைத்தாள், தலையை ஆட்டினாய். குழம்பு ஊற்றினாள், கையைக் காட்டினாய். பொறுத்துப் பார்த்துவிட்டு அவள் வெளியே வந்து என்னிடம் சொன்னது உனக்குத் தெரியாது. “இது அவுக இல்ல சார். அவுகன்னா இந்நேரம் ஊருக் கத பூராம் பேசித் தீத்திருப்பாவ.” வெள்ளத்துக்குப் பிறகு அவள் சிரித்து நான் பார்த்தது அப்போதுதான்.

அதன் பிறகுதான் உள்ளே வந்து அதைக் கேட்டாள். “அத்தான், நீங்க அக்கரையில போய் நின்னு அவுக மாதிரி ஒரு தடவ எம்பேரச் சொல்லிக் கூப்பிடுங்க. நான் பதில் சொல்லிக்கிடுதேன்.” நீ என் முகத்தைப் பார்த்தாய். நான் கூரையைப் பார்த்தேன். படித்த புத்தகம் எதிலும் இதற்கு வழி சொல்லவில்லை.

நீ அக்கரையில் நின்றதால் இக்கரையில் நடந்ததை அறியமாட்டாய். நீ மஸ்கட் திரும்பும் அவசரத்தில் உன்னிடம் சொல்லவும் முடியவில்லை. அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

உன்னை இறக்கிவிட்டுத் தெப்பம் திரும்பியபோது வெயில் இறங்கிவிட்டது. யாரும் யாருக்கும் சொல்லவில்லை, ஆனாலும் ஊர் முழுக்கக் கரையில் நின்றது. தலைவர் துண்டால் வாயைப் பொத்தியிருந்தார். செல்வி கீழே இறங்கிவிடுவாள் என்று பயந்து, முத்துராணி அவள் சேலை முந்தானையைத் தன் கையில் சுற்றிக்கொண்டாள்.

நீ கூப்பிட்டாய். நான் உன்னோடு படித்தவன். அங்கே நிற்பது நீ என்று கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தவன். ஆனாலும் எழுதுகிறேன், அந்த நேரத்தில் உன்னை நான் அடையாளம் காணவில்லை. சுடலைமணி வடத்தை விட்டுவிட்டுக் கரையில் உட்கார்ந்துவிட்டான். முதல் கூப்பாட்டுக்கு வாய் திறக்கக் கூடாது என்ற சட்டத்தை ஊர் அன்று முழு மனதோடு கடைப்பிடித்தது.

செல்வி தண்ணீரில் இறங்கவில்லை. உரக்கக் கத்தவும் இல்லை. அடுக்களையிலிருந்து பேசுவதுபோல, பக்கத்தில் நின்றவர்களுக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள்.

“கேட்டுது. அங்கனயே நில்லுங்க. வராதீங்க. தண்ணி வடியட்டும்.”

பிறகு கொஞ்ச நேரம் காது கொடுத்துக்கொண்டு நின்றாள். அக்கரையிலிருந்து மறுபடியும் அவள் பெயர் கேட்டது. அவள் தலையை ஆட்டினாள். முத்துராணியின் கையிலிருந்து முந்தானையைப் பைய விடுவித்துக்கொண்டு, தானே தெப்பத்தில் ஏறி, வடத்தை இழுத்துப் போய் உன்னைக் கூட்டிவந்தாள்.

சாப்பிடும்போது நீ சொன்னாய், ஒரு தடவைதான் கூப்பிட்டேன், அதற்குமேல் கூப்பிட முடியவில்லை என்று. இரண்டாவது கூப்பாட்டைப் பற்றித் தலைவரிடமும் சுடலைமணியிடமும் தனித்தனியே கேட்டுப் பார்த்தேன். இருவரும் வேறு பேச்சை எடுத்தார்கள். அதற்குப் பிறகு கூப்பாடு கேட்டதாக யாரும் சொல்லவில்லை. கேட்கவில்லை என்றும் யாரும் சொல்லவில்லை. அஞ்சலக ஜன்னல் கொக்கியைக் கழற்றி எண்ணெய் போட்டேன். மறுபடியும் சாத்திவிட்டேன்.

மறுநாள் நீ காரியம் செய்தாய். அவள் மறுக்கவில்லை. அதற்குமேல் அந்த நாளைப் பற்றி உனக்கு நான் எழுதவேண்டியது ஒன்றுமில்லை.

சுடலைமணி திருப்பூருக்குப் போய்விட்டான். பனியன் கம்பெனியில் வேலையாம். கூப்பிடுவது முதலாளி மட்டும்தான் என்பது தெளிவாகத் தெரிகிற இடம் என்று சந்தோஷமாகச் சொன்னான். தெப்பத்துக்கு ஆள் தேடி ஊர் கூடியது. ஆண்பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு நோய் இருந்தது. கடைசியில் செல்வி எழுந்து, நான் இழுக்கேன் என்றாள். இப்போது அவள்தான் இழுக்கிறாள். மூன்று கூப்பாடு என்கிற சட்டம் நீக்கப்படவில்லை. அவளிடம் அதை எடுத்துச்சொல்லத் தலைவருக்கு நேரம் கிடைக்கவில்லை. அவள் கை காய்த்துப்போயிருக்கிறது. சாப்பிடுகிறாள். நேசையாவிடம் மீன் விலைக்குச் சண்டை போடுகிறாள். நல்ல அறிகுறி என்று எடுத்துக்கொள்.

உன்னிடம் ஒன்று கேட்கிறேன். பேசாதே என்று எழுதியவனே கேட்கிறேன். அடிக்கடி அவளுக்குப் போன் போடு. என்ன செய்யுதே, சாப்பிட்டியா என்று எப்போதும்போல் கேள். உன் குரல் இனி அவளை ஒன்றும் செய்யாது என்று நினைக்கிறேன். நினைக்கிறேன் என்றுதான் என்னால் எழுத முடியும். தூர தேசத்தில் நீ உடம்பைக் கவனித்துக்கொள். உன்னை நம்பிக் கேட்கும் காது ஒன்று இங்கே இருக்கிறது என்பதை மறவாதே. அம்மன் உங்கள் இருவரையும் காக்கட்டும்.

என்றும் உன்,
பஞ்சாபகேசன்

பி.கு.: களக்காட்டுக்காரர் ஒருவரிடம் செல்விக்குப் பெட்டி கொடுத்து அனுப்புவதாகச் சொல்லி, தெப்பம் எப்போதுவரை ஓடும் என்று கேட்டிருந்தாய். காலையில் முதல் பஸ் வரும்போது தொடங்கி, மாலைப் பஸ் திரும்பும்வரை ஓடுகிறது. அதன் பிறகு இருட்டுகிற நேரத்தில் செல்வி இழுக்கும் ஒரு நடை உண்டு. அது காலியாகப் போய், அக்கரையில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, காலியாகத் திரும்புகிறது.