ஸ்டாண்டில் மாட்டிய பாட்டில்

அன்பு மாப்பிள்ளை முருகேசா,

ஒரே பெஞ்சில் படித்த உரிமையில் இன்றும் ‘நீ’ என்றே எழுதுகிறேன். உன்னைப் போலவே எனக்கும் நுரையீரலில் ஒரு துண்டை வெட்டி எடுத்துவிட்டார்கள். திருநெல்வேலியில் படுத்திருக்கிறேன். சங்கரன்கோவிலிலிருந்து வந்து என்னைப் பார்த்துக்கொள்வது யார் தெரியுமா? உன் பெண்டாட்டி, என் தங்கச்சி வடிவுதான்.

உனக்கு விலாவில் குழாய் போட்டு, கட்டிலுக்குக் கீழே ஒரு பாட்டில் வைத்தார்களே, ஞாபகம் இருக்கிறதா? அடியில் தண்ணீர், அதற்குள் குழாயின் நுனி. நீ இருமினால் குமிழி வரும். ஒரு டாக்டர் குனிந்து பார்த்து, நுரையீரலிலிருந்து காற்று கசிகிறது என்பார், இன்னொருவர் இல்லை என்பார். சுவரிலிருந்து உறிஞ்சும் பைப்பும் சேர்ந்து உன்னைக் கட்டிலோடு கட்டிப்போட்டிருந்தது.

எனக்குக் கொடுத்திருப்பது சின்னப் பெட்டி. உள்ளேயே மோட்டார். எவ்வளவு காற்று கசிகிறது என்று எண்ணாகவே காட்டுகிறது. தோளில் மாட்டிக்கொண்டு வராந்தாவில் நடக்கிறேன். வடிவுக்குத்தான் நம்பிக்கையில்லை. "அதுலயாவது குமிழி வாரதக் கண்ணால பாத்தோம். இதுல என்னத்தப் பாக்க?" என்று டாக்டரிடமே கேட்டுவிட்டாள். அவர் சிரித்தார். "இதுல குழாய எப்ப எடுக்கலாம்னு முடிவு பண்ண லேசும்மா. ஆனா பாட்டில்லயும் எத்தனையோ பேர் நல்லாகிப் போயிருக்காங்க."

பாட்டில் பேச்சு வந்ததும் என்னால் சும்மா இருக்க முடியவில்லை.

கரிவலத்திலிருந்து உன் சொந்தக்காரர்கள் பார்க்க வந்த அன்று, குழாய் வழியே இறங்கிய ரத்தம் தெரியக் கூடாதென்று பாட்டிலை மஞ்சப்பையில் போட்டு குளுக்கோஸ் ஸ்டாண்டில் மாட்டியது நான்தானே. ஆஸ்பத்திரியில் பாட்டில் என்றால் மேலேதான் தொங்கும் என்பது என் அறிவு. தண்ணீர் உன் நெஞ்சுக்குத் திரும்பி ஓடியது. நர்ஸ் ஓடிவந்து இறக்கி, "யாரு மாட்டினது?" என்று கத்தினார். நீ மூச்சு வாங்கிக்கொண்டே, "நாந்தான் சிஸ்டர், எந்திரிச்சு மாட்டினேன்" என்றாய். நான் வாயைத் திறக்கவில்லை.

காய்ச்சல் வந்து பத்து நாள் கூடுதலாகக் கிடந்தாய். பிறகு நல்லபடியாகத்தான் வீடு திரும்பினாய். அடுத்த வருஷம் பழைய நோயே திரும்பி வந்து உன்னைக் கொண்டுபோனது. ஆனாலும் அந்தப் பத்து நாள் என்னை அரித்துக்கொண்டே இருந்தது.

நேற்று வடிவிடம் சொல்லிவிட்டேன். என்னைத்தான் ஏசுவாள் என்று பயந்தேன்.

"அன்னைக்கு அவுகள நான் என்ன ஏச்சு ஏசினேன் அண்ணே! அடங்கிக் கெடக்கத் தெரியாத மனுசன்னு அவுக ஆளுக முன்னாடியே ஏசினேன். சிரிச்சிக்கிட்டே கெடந்தாக. இப்பம் நான் யாருட்ட போயி மன்னிப்பு கேக்க?"

ஏன் மாப்பிள்ளை, அவளிடமாவது தனியாகச் சொல்லியிருக்கக் கூடாதா? நீ என்னைக் காட்டிக்கொடுக்காமலே போனது எனக்கு வெட்கமாக இருக்கிறது.

"அவுகளுக்கு நீயே எழுது" என்றாள். எழுதிவிட்டேன். வடிவு உன்னிடம் மன்னிப்புக் கேட்கிறாள். நாளைக்குக் குழாயை எடுத்துவிடுவார்கள். ஊருக்கு வந்ததும் அவளைக் கூட்டிக்கொண்டு கரிவலம் போவேன். அதே சொந்தக்காரர்கள் முன்னால் நின்று, மாட்டியது நான் என்று சொல்லுவேன். இது சத்தியம்.

வடிவின் அண்ணன்,
உன் மச்சான்
கோமதிநாயகம்